பிசிராந்தையாரின் நரையும் தோட்டத்து நரையும்

நீண்ட நாள் வாழ வேண்டும் என்பது மாந்தர் அனைவர்க்கும் உள்ள விழைவு. ஆயின் முதியவராய்த் தோன்ற விழைவோர் மிக அரியர். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள முரண்பாட்டிலிருந்தே சித்தர்களின் காயகற்பமும் பாட்டிமாரின் கரிசலாங்கண்ணித் தைலமும் தோன்றின. இன்று சுங்கை பட்டாணியிலும் அலோர் ஸ்டாரிலும் முடிதிருத்தகங்களின் அலமாரிகளில் அடுக்கி வைத்திருக்கும் சாயப் புட்டிகளும் அவற்றின் வழிவந்தவையே. மகளின் திருமணத்திற்கு முந்திய நாள் மாலையில் அங்கே சென்று அமராத தந்தையர் சிலரே.

பழந்தமிழ்ப் புலவர் ஒருவரைப் பார்த்துச் சிலர் இதே பொருளைப் பற்றி வினவினர். அவர் பிசிராந்தையார், பாண்டிய நாட்டுப் பிசிர் என்னும் ஊரினர். ஆண்டுகள் பல கடந்தும் நரை தோன்றவில்லையே, எவ்வாறு என்பது வினா. அதற்கு அவர் கூறிய விடையே புறநானூற்றின் 191ஆம் பாட்டு. தைலம், உணவு, மூச்சுப் பயிற்சி எதனையும் அவர் குறிப்பிடவில்லை. மனைவி மாண்புடையவள்; மக்களும் நிரம்பியவர்கள்; ஏவலர் தாம் கருதியதையே கருதுபவர்; அரசன் முறையல்லாதன செய்யாது காப்பவன்; இவற்றுக்கெல்லாம் மேலாகத் தம் ஊரில் கல்வியால் நிறைந்து பணிந்து அடங்கிய சான்றோர் பலர் வாழ்கின்றனர் என்றார்.

இப்பாட்டை வகுப்பில் கற்பிக்கும் முறை ஏறத்தாழ எங்கும் ஒன்றே. கரும்பலகையில் நான்கு எண்கள் இடப்படும். குடும்பம், ஏவலர், அரசு, ஊர் என நான்கு காரணங்கள் எழுதப்படும். மாணவர் அவற்றை மனப்பாடம் செய்து தேர்வில் ஒப்புவிப்பர். கவலையின்றி வாழ்ந்தால் நரை வாராது என்பது கருத்துரையாக அமையும். இவ்வாறு கற்ற மாணவன் பாட்டின் பொருளை அறிவான். ஆனால் பாட்டை அறியான். மருந்துச் சீட்டைப் போல் ஒரு செய்யுளைப் படிப்பதால் விளையும் கேடு இது. பிசிராந்தையார் எங்கே நின்று, எவரிடம், எந்த வேளையில் இதனைக் கூறினார் என்பதை விட்டுவிட்டு இதனைப் படிக்க இயலாது.

பாட்டின் அடியில் உள்ள பழங்குறிப்பு அவ்விடத்தைச் சுட்டுகிறது. உறையூரில் இருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழனுக்கும் அவன் மைந்தர் இருவர்க்கும் பகை மூண்டது. தந்தை மக்கள்மேல் படையெடுத்து எழுந்தபோது புல்லாற்றூர் எயிற்றியனார் இடைமறித்து, வென்றாலும் அந்நாட்டை எவர்க்கு விட்டுச் செல்வாய் எனக் கேட்டுத் தடுத்தார். அவன் போரைக் கைவிட்டு வடக்கிருந்து உயிர் துறக்கத் துணிந்தான். பிசிராந்தையார் வருவார், அவர்க்கும் ஓர் இடம் ஒதுக்கி வையுங்கள் என்றான். கேள்வியால் மட்டுமே அறிந்த நண்பர், ஒருமுறையும் கண்டறியாதவர், வருவாரா எனச் சூழ இருந்தோர் ஐயுற்றனர். அவர் வந்தார். வந்தவரைக் கண்ட சான்றோர், உம்மைப் பற்றிக் கேள்விப்பட்டு ஆண்டுகள் பல ஆயினவே, உமக்கு நரை இல்லையே என வியந்தனர். அவ்வியப்புக்கு விடையாகவே பாட்டு எழுந்தது.

இக்குறிப்புகள் தொகுத்தோரால் பிற்காலத்தே சேர்க்கப்பட்டவை, ஆதலின் முழுதும் நம்பத்தக்கவை அல்ல என்பார் உளர். அவ்வையத்திற்கு இடம் உண்டு. எனினும் வினவுவீராயின் எனத் தொடங்கும் பாட்டின் அமைப்பே எதிரில் வினவுவோர் சிலர் இருந்தமையைக் காட்டுகிறது. கோப்பெருஞ்சோழனைச் சூழ்ந்த பாட்டுகளை அடுத்தடுத்து வைத்துப் படிப்போர்க்குக் குறிப்பின் பொருத்தம் தெளிவாகும்.

அப்பொருத்தத்தை ஏற்றுக்கொண்டால் பாட்டின் நிறமே மாறிவிடுகிறது. நரையில்லா முதுமையைப் பற்றிய இந்த மகிழ்ச்சியான விடை, உண்ணாது உயிர் விடும் ஒருவனின் பக்கத்தில் நின்று சொல்லப்பட்டது. சொன்னவரும் அவனோடு அமர்ந்து உயிர் துறக்க வந்தவர். மக்கள் நிரம்பியவர் என அவர் சொன்னபோது, மக்களால் நாட்டையும் வாழ்வையும் துறந்தவன் அருகே அமர்ந்திருந்தான். நண்பனின் புண்ணைத் தொடும் சொல்லாகாதா இது? இவ்வினாவை உரையாளர்கள் பெரிதும் எழுப்புவதில்லை. எழுப்பினால் ஒரு விடை கிட்டும். பிசிராந்தையார் தம் பேற்றை எடுத்துரைத்துப் பெருமை கொள்ளவில்லை. மனைவி, மக்கள், ஏவலர், நாடு, ஊர் ஆகிய அனைத்தும் குறைவின்றி இருந்தும் அவற்றை விட்டு வந்திருக்கிறார். நான்கு காரணங்கள் என்று கரும்பலகையில் எழுதப்படுபவை அவர் துறந்து வந்த பொருள்களின் கணக்கு. வாழ்வதற்கு இத்தனை காரணம் உடையவர் இறப்பதற்கு வந்து அமர்ந்தார் என்பதே அங்கிருந்தோரைத் திகைக்கச் செய்திருக்கும். நரையின்மை அத்திகைப்பின் வெளித்தோற்றம்.

அரசனைப் பற்றிய தொடரும் எளிதாகக் கடந்து செல்லத்தக்கதன்று. காப்பவன் என அவர் கூறும் வேந்தன் யார்? பிசிர் பாண்டிய நாட்டு ஊர்; அவர் காலத்துப் பாண்டியன் அறிவுடைநம்பி. அவ்வறிவுடைநம்பியிடமே, யானை புகுந்த வயலில் அது உண்பதைவிடக் காலால் மிதித்து அழிப்பதே மிகுதி, வரிகொள்ளும் அரசன் அவ்வாறு ஆகலாகாது என எடுத்துரைத்தவர் பிசிராந்தையார் (புறம் 184). மற்றொரு பாட்டிலோ (புறம் 212), உம் அரசன் யார் எனக் கேட்பின் எம் அரசன் கோப்பெருஞ்சோழனே எனப் பாண்டிய நாட்டில் இருந்துகொண்டே கூறுகிறார். ஆகவே 191ஆம் பாட்டின் வேந்தனை நிலத்தால் பாண்டியன் என்றும் நெஞ்சால் சோழன் என்றும் கொள்ள இடம் உண்டு. பாண்டியனாகவே கொண்டாலும், குற்றம் செய்யாத அரசன் தானே வாய்த்துவிடவில்லை. இடித்துரைத்து நெறிப்படுத்திய புலவர்க்கு வாய்த்தான். கவலையற்றிருந்தமையால் நரைக்கவில்லை எனப் பொருள் கூறுவோர் 184ஆம் பாட்டை மறந்தவர். நாட்டைப் பற்றிக் கவலை கொண்டவரே அவர்.

அவ்வறிவுடைநம்பியும் ஒரு புலவன். பெருஞ்செல்வம் உடையோராயினும் மக்கட்பேறு இல்லார்க்கு வாழ்நாளில் பயன் இல்லை என்னும் கருத்துடைய 188ஆம் பாட்டு அவன் பாடியது. அதற்கு மூன்று பாட்டுகள் கழித்து மக்களும் நிரம்பினர் என்னும் பிசிராந்தையார் பாட்டு வருகிறது. பழைய உரையாசிரியர் அந்நிரம்புதலை அறிவு நிரம்புதல் எனக் கொள்கிறார்.

இனி, பாட்டின் அளவை நோக்குதல் நலம். மொத்தம் 7 அடிகள். முதல் இரண்டடி வினாவுக்கே சென்றுவிடுகிறது. மனைவிக்கும் மக்களுக்கும் சேர்த்து ஓரடி. ஏவலர்க்கு ஓரடி நிரம்பவும் இல்லை. வேந்தனுக்கு அதனினும் சற்றுக் கூடுதல். சான்றோர்க்கு மட்டும் இறுதி இரண்டடி. அதற்கு முன் 'இவற்றுக்கும் மேலாக' என்னும் பொருள்பட ஒரு சொல் வைத்து, ஊர் என்னும் சொல்லில் பாட்டை முடிக்கிறார். குடும்பம் ஒன்றே போதும் எனக் கருதியிருந்தால் பாட்டு மூன்றாம் அடியில் முடிந்திருக்கும். ஒருவரை இளமையோடு வைத்திருப்பது அவர் வாழும் ஊர் என்பதே பிசிராந்தையாரின் கட்சி. கண்ணகனார் இந்நட்பைப் பாடுங்கால், வெவ்வேறு இடத்தே பிறந்த பொன்னும் மணியும் முத்தும் பவளமும் ஓரணியில் சேர்வதைப் போலச் சான்றோர் சான்றோர் பக்கமே சேர்வர் என்றது (புறம் 218) இதற்கு அரண் செய்கிறது.

தமிழில் நரையைப் பாடியவர் பிசிராந்தையார் ஒருவர் மட்டும் அல்லர். நாலடியார் இளமை நிலையாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தது. சமண முனிவர்க்கு நரை துறவுக்கு விடுத்த அழைப்பு. கம்பராமாயணப் பதிப்புகளில் காணப்படும் ஒரு பாட்டில் தயரதன் காதருகே வெளுத்த ஒற்றை மயிர், ஆட்சியை மகனுக்கு அளித்துத் தவம் புரிக எனச் சொல்ல வந்ததுபோல் தோன்றுகிறது. இவை இரண்டும் நரையை மேலிருந்து வந்த ஓலையாகக் காண்பவை. தொடித்தலை விழுத்தண்டினார் வேறு வகையினர். மருத மரக் கிளையிலிருந்து ஆழ்ந்த மடுவில் குதித்து அடிமணலை அள்ளிக் காட்டிய இளமை, தண்டூன்றி இருமலுக்கிடையே சில சொல் பேசும் இந்நாளில் எங்கே போயிற்று என ஏங்குகிறார் (புறம் 243). அவ்வேக்கம் உண்மையானது, கவிதைச் சுவையால் பிசிராந்தையார் பாட்டினும் அது ஒருபடி உயர்ந்தது என்று கூறுவதில் தவறில்லை. ஆனால் அதில் முதியவர் தனியே நிற்கிறார். அவரைச் சூழ இன்று யாரும் இல்லை. இருந்தவர் எல்லாரும் அன்றைய தோழர்.

இளமை வேட்கையின் கொடிய உருவத்தை மாபாரதத்து யயாதியிடம் காணலாம். சாபத்தால் முதுமையுற்றவன் தன் மகன் புருவின் இளமையைக் கேட்டுப் பெற்று நுகர்ந்தான். மராத்தி எழுத்தாளர் காண்டேகர் இக்கதையைத் தழுவி எழுதிய 'யயாதி' 1974ஆம் ஆண்டுக்குரிய ஞானபீடப் பரிசைப் பெற்றுத் தந்தது. மக்களிடமிருந்து இளமையைப் பறித்தவன் யயாதி. மக்கள் நிரம்பியதால் இளமை நீங்காதிருந்தவர் பிசிராந்தையார். மக்களால் வாழ்வே வெறுத்தவன் கோப்பெருஞ்சோழன். ஒளவையார் கதையோ இவை அனைத்துக்கும் மறுதலை. மக்கள் வழக்கில் உள்ள அக்கதையில் கன்னி ஒருத்தி திருமணத்திலிருந்து விடுபடப் பிள்ளையாரிடம் முதுமையை வேண்டிப் பெறுகிறாள். 1953இல் வந்த 'ஒளவையார்' திரைப்படம் அக்கதையைத் தமிழர் வாழும் நாடெங்கும் பரப்பிற்று. ஆணுக்கு நரை இழப்பாக இருந்த உலகில் பெண்ணுக்கு நரை விடுதலையாக இருந்தது என்பது எண்ணத்தக்கது.

எண்ணினால் பிசிராந்தையார் பாட்டிலும் ஒரு வினா எழும். அவர்க்கு நரை இல்லை, அவர் மனைவிக்கு? மாண்புடையவள் என்பதற்கு மேல் பாட்டு அவளைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. கணவனின் தலைமயிர் கருமை மாறாதிருக்க உழைத்தவளின் தலை எவ்வாறு இருந்தது என வினவ அங்கே எவரும் இலர். பாரதிதாசனார் இவ்விருவர் நட்பை நாடகமாக்கிய 'பிசிராந்தையார்', அவர் மறைந்தபின் 1969இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. அந்நாடகத்தைவிட அவருடைய 'குடும்ப விளக்கு' என்னும் நூலின் ஐந்தாம் பகுதியாகிய 'முதியோர் காதல்' இவ்வினாவுக்கு அருகே வருகிறது. அங்கே முதுமை இருவர்க்கும் உரியது.

ஏவலரைப் பற்றிய தொடர் கெடாவில் வாழும் தமிழர்க்கு இன்னும் கூர்மையானது. பாட்டில் ஏவலரைக் குறிக்கும் சொல் 'இளையர்'. வயதால் இளையவர் என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். பணியாளர்க்கு அது பெயராயிற்று. நரைக்காத தலைவர் நரைத்திருக்கக்கூடிய தம் ஏவலரை இளையர் என்றே அழைத்திருப்பார். வெள்ளையர் காலத்துத் தோட்டத்திலும் இதுவே வழக்கு. துரை வீட்டில் பணி செய்தவர் அறுபது வயதிலும் 'பையன்' எனவே அழைக்கப்பட்டார். அவர் தலை வெளுத்ததைத் துரை கண்டாரா என்பது வேறு. தலைவன் கருதியதை அவன் சொல்லுமுன் கருதி முடிக்கும் ஏவலன் தலைவனுக்கு இளமை தருகிறான். அவன் இளமை எங்கே போயிற்று என்பது பாட்டின் எல்லைக்கு அப்பாற்பட்டது. பீடோங், பாடாங் செராய், கூலிம், பாலிங் வட்டாரங்களின் தோட்டப் பள்ளிகளில் இப்பாட்டைக் கற்ற மாணவர் பலர், பிசிராந்தையாரின் வழியினராக அன்றி அவ்விளையரின் வழியினராகவே அமர்ந்து அதனைக் கற்றனர். ஆசிரியர் இதனை நினைவிற்கொண்டு கற்பிப்பாராயின் வகுப்பு உயிர் பெறும்.

விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, தலையில் விளக்குக் கட்டி மரம் சீவி, காண்டாக் கம்பின் இருபுறமும் பால்வாளி தொங்கத் தூக்கி நடந்தவரின் உடம்பு வயதுக்கு முந்தியே மூத்தது. புல்வெட்டிலும் மருந்தடிப்பிலும் ஈடுபட்ட பெண்களைச் சொல்ல வேண்டுவதில்லை. 1948இல் மலாயாவில் அடையாள அட்டை வழங்கத் தொடங்கியபோது, பிறப்புச் சான்று இல்லாதவர்க்குத் தோற்றத்தைக் கண்டு மதிப்பிட்ட வயது எழுதப்பட்டதும் உண்டு. உழைப்பால் மூத்த முகம் ஏட்டிலும் மூத்துவிட்டால், ஓய்வு பெறும் வயதும் அதற்கேற்ப முந்திவிடும். அவ்வோய்வு வயது நெடுங்காலம் 55ஆக இருந்தது. தனியார் துறைக்குக் குறைந்த அளவு 60 என்னும் சட்டம் 2013 ஜூலை முதல் நடப்புக்கு வந்தது. அதற்குள் பல தோட்டங்களில் லயங்களே இல்லாது போயின.

அறிவியல் நரையைப் பற்றி இரு செய்திகளைக் கூறுகிறது. மயிர்க்காலில் நிறமி ஊட்டும் உயிரணுக்கள் ஒழிவதே நரைக்குக் காரணம். அது பெரிதும் மரபுவழியில் அமைவது. எனினும் கடும் மன உளைச்சல் நரம்புகளின் வழியே அவ்வுயிரணுக்களின் மூலத்தையே தீர்த்துவிடுதலை ஹார்வார்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் எலிகளிடத்தே கண்டறிந்தனர். அப்பல்கலைக்கழகத்திலேயே 1938இல் தொடங்கித் தலைமுறை கடந்து நடைபெறும் ஆய்வு ஒன்று, முதுமையில் உடலும் உள்ளமும் நலமாயிருப்பதற்கு நல்லுறவுகள் பெருந்துணை எனக் காட்டுகிறது. (கெடாவில் ஹார்வார்ட் என்றால் பீடோங்கை அடுத்த தோட்டமே முதலில் நினைவுக்கு வரும்.) இவற்றைக் கொண்டு பிசிராந்தையார் அன்றே அறிவியல் கண்டார் என மேடையில் முழங்குவது தமிழுக்குப் பெருமை சேர்க்காது. அவர் கூறியது மயிரைப் பற்றியதாயினும் கருதியது ஊரைப் பற்றி.

அவ்வூர் தோட்டத்திலும் இருந்தது என்பதைக் குறிக்காமல் விட்டால் அது நேர்மையாகாது. வறுமையும் கள்ளுக்கடையும் கங்காணியின் அதட்டலும் நிறைந்த வாழ்வுதான். ஆயினும் ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்த கிழவிக்கு லயத்துப் பிள்ளைகள் அனைவரும் பேரர். மாரியம்மன் கோயில் நிருவாகத்தில் முதியவர் சொல்லுக்கு இடம் இருந்தது. பள்ளி ஆசிரியர் மாலையில் கடிதம் எழுதிக் கொடுத்தார். 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரமும், 1990களில் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவும் தோன்றி இளையோரை அழைத்துக்கொண்டன. அது அவர்களுக்கு நல்வாழ்வு தந்தது. அதனைக் குறை கூற எவர்க்கும் உரிமை இல்லை. இரப்பர் செம்பனையாகவும், செம்பனை வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறின. முதியவர் சுங்கை பட்டாணியின் மலிவு விலை வீடுகளுக்கு வந்து சேர்ந்தனர். இங்கே தண்ணீரும் மின்சாரமும் மருத்துவமனையும் அண்மையில் உள்ளன. தலைக்குச் சாயமும் மலிவு. கதவைத் திறந்தால் பெயர் சொல்லி அழைப்பவர் இலர். ஆண்டுக்கு ஒருமுறை பழைய தோட்டத்துக் கோயில் திருவிழாவில் கூடுமிடத்து, ஒருவரையொருவர் பார்த்து 'நீங்கள் அப்படியே இருக்கிறீர்கள்' என்று கூறிக்கொள்வதைக் கேட்கலாம். அச்சொல் பெரும்பாலும் உண்மையன்று. ஆனால் அதனைச் சொல்லவும் ஓர் ஊர் வேண்டும்.

2030இல் மலேசியரில் 60 வயதைக் கடந்தோர் 15 விழுக்காட்டினர் ஆவர் என மதிப்பிடப்பட்டுள்ள நிலையில், இப்பாட்டைக் கற்கும் மாணவர்க்குப் பிசிராந்தையாரின் ஊர் எது என்னும் வினா தேர்வுக்குரியதாக மட்டும் நில்லாது. நான்கு காரணங்களைப் பட்டியலிடச் சொல்வதைக் காட்டிலும், பாட்டில் பேசாத மனைவியும் இளையரும் விடையிறுத்தால் என்ன கூறுவர் என எழுதச் சொல்வது நல்ல பயிற்சி. 191ஐத் தனியே கற்பியாது 184, 212, 216, 218 ஆகியவற்றோடு சேர்த்துக் கற்பித்தல் இன்றியமையாதது. உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்துத் தந்தபின் இப்பாட்டுகள் எளிதில் கிட்டாதவை அல்ல.

அவ்வரிசையில் 222ஆம் பாட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கோப்பெருஞ்சோழனுக்குப் பொத்தியார் என்னும் புலவரும் உயிர்த்தோழர். அவரும் உடன் உயிர் துறக்க முற்பட்டபோது சோழன் இசையவில்லை. பொத்தியாரின் மனைவி அப்போது கருவுற்றிருந்தாள். மகன் பிறந்தபின் வா எனக் கூறி அவரை அனுப்பினான், தன் மைந்தரால் தான் அந்நிலை எய்தியவன். பொத்தியார் திரும்பினார், மகன் பிறந்தான், மீண்டு வந்தபோது சோழன் நடுகல் ஆகியிருந்தான். எனக்குரிய இடம் எது என அக்கல்லை நோக்கி அவர் கேட்கிறார்.

அவர் தலையில் நரை இருந்ததா என்று எவரும் கேட்கவில்லை.